பொட்சுவோலி: ஏறி இறங்கும் மண்ணில் ஒரு ரோமானியத் துறைமுகம்

"நேப்பிள்ஸில் மூன்று நாள் தங்கப்போகிறோம். ஒரு நாள் பொம்பெய்க்கு. பக்கத்தில் பொட்சுவோலி என்ற ஊரிலும் ரோமானியர் காலத்து மிச்சங்கள் இருக்கின்றனவாம். போகலாமா, இல்லை நாலு தூணும் ஒரு கம்பிவேலியும்தானா? அங்கே நிலம் வேறு அடிக்கடி ஆடுகிறது என்கிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாலுகூட இல்லை, முழுசாக நிற்கும் பெரிய தூண்கள் மூன்றுதான். கம்பிவேலியும் உண்டு. ஆனாலும் போங்கள் என்பேன். பொம்பெய் கி.பி. 79-இல் சாம்பலுக்கடியில் போய் அப்படியே நின்றுவிட்டது. பொட்சுவோலியில் ரோமானியர் போன பிறகும் ஆட்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் காலடியில் மண் சில நூற்றாண்டுகள் இறங்கும், சில நூற்றாண்டுகள் ஏறும். ஆகவே இந்த ஊரில் எந்த இடிபாட்டுக்கு முன்னால் போய் நின்றாலும் இரண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டும்: இதை எதற்காகக் கட்டினார்கள், கட்டிய பிறகு மண் இதை எங்கே கொண்டுபோனது. இரண்டாவதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் நாலு தூணும் வேலியுமாகத்தான் தெரியும்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். பைபிள் படித்தவர்களுக்கு இந்த ஊர் ஏற்கெனவே தெரியும். அப்போஸ்தலர் நடபடிகள் கடைசி அதிகாரத்தில் பவுல் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்படும்போது கப்பலைவிட்டு இறங்கும் புத்தேயோலி பட்டணம் இதுதான். அவர் வந்தது அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த கப்பலில். அது தற்செயல் இல்லை. ரோம் நகரத்துக்கு எகிப்திலிருந்து கோதுமை வந்த வழி அதுதான். ரோமுக்குப் பக்கத்தில் பெரிய கப்பல்கள் பாதுகாப்பாக நிற்க ஆழமான துறை கிடையாது. எனவே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தெற்கே இருந்த இந்த விரிகுடாவில் சரக்கை இறக்கி, சின்னக் கப்பல்களில் மாற்றி, கரையோரமாகவே வடக்கே கொண்டுபோனார்கள். கி.மு. 194-இல் ரோமானியர் இங்கே குடியேற்றம் அமைத்தார்கள். அதிலிருந்து ஏறத்தாழ 300 ஆண்டுகள் தலைநகரத்தின் கடல்வாசல் புத்தேயோலிதான்.

ரோமானியத் தத்துவஞானி செனெகா தன் கடிதம் ஒன்றில் இந்த ஊரின் ஒரு காட்சியை எழுதியிருக்கிறார். அலெக்சாந்திரியக் கோதுமைக் கப்பல்கள் வரப்போகின்றன என்று சொல்ல முன்னால் சில தபால் கப்பல்கள் வரும். அவற்றைப் பார்க்க ஊரே துறைமேடையில் கூடிவிடுமாம். பாய்மரத்தின் உச்சியில் கட்டும் மேல்பாயை விரித்தபடி துறைக்குள் வர அந்தக் கப்பல்களுக்கு மட்டும் அனுமதி உண்டு, அதனால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்துவிடும் என்கிறார். கடனுக்கு வணிகம் செய்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள், கிடங்கு வாடகைக்கு விட்டவர்கள் என்று எல்லோருக்கும் அந்தப் பாய்தான் பிழைப்பு. இந்த ஊர் வட்டிக்கடைக்காரர்களின் பத்திரங்கள் மெழுகுப் பலகைகளில் பொம்பெய்க்கு வெளியே 1959-இல் கிடைத்தன. அதில் கி.பி. 37-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றில் நோவியுஸ் யூனுஸ் என்ற வணிகன் 10,000 செஸ்டெர்ஸ் (ரோமானிய நாணயம்) கடன் வாங்குகிறான். பொதுக் கிடங்கில் இருக்கும் 7,000 மோடி (ரோமானியத் தானிய அளவை) அலெக்சாந்திரியக் கோதுமையும் 200 மூட்டை கொண்டைக்கடலை, பருப்பு வகைகளும் அடமானம். அவன் கைப்பட எழுதிய லத்தீனில் எழுத்துப்பிழை ஏராளம். பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறான்.

நம் பக்கத்துக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு. அன்னியுஸ் குடும்பம் புத்தேயோலியில் பெயர்பெற்ற வணிகக் குடும்பம். எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில், நைல் நதியிலிருந்து செங்கடல் துறைமுகமான பெரெனிகேவுக்குப் போகும் ஒட்டகப் பாதையில், வாதி மெனி என்ற இடத்துப் பாறையில் ஒரு கிறுக்கல் இருக்கிறது. புப்லியுஸ் அன்னியுஸ் ப்ளோகமுஸின் அடிமை லைசாஸ் இங்கே வந்தான் என்று கிரேக்கத்திலும் லத்தீனிலும் எழுதியிருக்கிறது. ஆண்டு கி.பி. 6. இந்தியாவுக்குப் போகும் கப்பல்கள் புறப்பட்ட பாதை அது. அதே பெயருள்ள ஓர் அன்னியுஸ் ப்ளோகமுஸின் ஆள் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் கரையேறினான், அங்கே ஆறு மாதம் தங்கி மொழி கற்றுக்கொண்டான், அவனிடமிருந்த நாணயங்களில் தலைகள் வேறுவேறாக இருந்தும் எடை ஒன்றாகவே இருந்ததைப் பார்த்து அரசன் ரோமானியரின் நேர்மையை மெச்சித் தூது அனுப்பினான் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். இந்தப் பக்கத்து எரிமலை மண்ணில் செய்த, கருமணல் கலந்த மதுச்சாடிகளின் உடைசல்கள் அரிக்கமேட்டிலும் கேரளத்தில் பட்டணம் என்ற ஊரிலும் கிடைத்திருக்கின்றன. புத்தேயோலியின் கடைகளில் மிளகு எந்த வழியாக வந்திருக்கும் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

சரி, அந்த மூன்று தூண்களுக்கு வருவோம். துறைமுகத்துக்குப் பக்கத்தில், தெருமட்டத்துக்குக் கீழே பள்ளமாக ஒரு தோட்டம். நடுவில் வட்டமான ஒரு மேடை, சுற்றிலும் கடைகளின் அடிச்சுவர்கள், ஒரு பக்கத்தில் 12 மீட்டர் உயரத்தில் பச்சைக் கோடு ஓடிய பளிங்குத் தூண்கள் மூன்று. 1750-இல் நேப்பிள்ஸை ஆண்ட போர்பன் அரசன் கார்லோ காலத்தில் தோண்டியபோது செராபிஸ் என்ற எகிப்தியக் கடவுளின் சிலை கிடைத்தது. உடனே 'செராபிஸ் கோயில்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் இன்றும் ஊர் வாயில் இருக்கிறது. உண்மையில் அது சந்தை. கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய பெரிய உணவு அங்காடி. சுற்றிக் கடைகள், மூலையில் பொதுக் கழிப்பறை, நடுவில் வட்ட மண்டபம். சந்தைக்கு எதற்கு இத்தனை பளிங்கு என்று கேட்கலாம். பணம் புரண்ட ஊர், அவ்வளவுதான். அலங்காரத் தூண்கள் சிலவற்றை அரசர்கள் பெயர்த்து காசெர்தா அரண்மனை நாடக அரங்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இப்போது தூண்களைக் கவனமாகப் பாருங்கள். அடியிலிருந்து ஏறத்தாழ 3.6 மீட்டர் வரை வழுவழுப்பு. அதற்கு மேல் 2.7 மீட்டர் உயரத்துக்குத் தூணைச் சுற்றிலும் பொத்தல் பொத்தலாக, கரையான் அரித்த மரம் மாதிரி ஒரு பட்டை. அதற்கும் மேலே மறுபடி வழுவழுப்பு. அந்தப் பொத்தல்களைப் போட்டது கல்லைத் துளைத்து வாழும் ஒரு கடல் சிப்பி. கடல் தண்ணீருக்குள் மட்டுமே அது உயிர்வாழும். தூண்களின் அடிப்பகுதி சேற்றிலும் இடிபாட்டிலும் புதைந்திருந்ததால் சிப்பியால் அங்கே போக முடியவில்லை. நடுப்பகுதி தண்ணீரில் நின்றது. மேல்பகுதி காற்றில் இருந்தது. அதாவது, நிலத்தில் கட்டிய கட்டடம் கடலுக்குள் 6 மீட்டருக்கு மேல் இறங்கி, சிப்பிகள் குடியேறும் அளவு காலம் அங்கே கிடந்து, பிறகு மறுபடி மேலே வந்திருக்கிறது. இத்தனைக்கும் தூண்கள் விழவில்லை.

விழவில்லை என்பதுதான் 19-ஆம் நூற்றாண்டு அறிவுலகத்தை உலுக்கிய விஷயம். பிரிட்டிஷ் நிலவியலாளர் சார்லஸ் லயல் 1828-இல் இங்கே வந்தார். 1830-இல் அவர் வெளியிட்ட நிலவியல் நூலின் முகப்புப் படமே இந்த மூன்று தூண்கள்தான். மலைகளும் பள்ளங்களும் ஏதோ ஒரு மாபெரும் பிரளயத்தில் ஒரேயடியாக உண்டானவை என்று பலர் நம்பிய காலம் அது. லயல் இந்தத் தூண்களைக் காட்டி, ரோமானியர் காலத்துக்குப் பிந்திய சில நூற்றாண்டுகளுக்குள்ளேயே நிலம் இவ்வளவு இறங்கி ஏறியிருக்கிறது, அதுவும் தூண் சாயாத அளவு மெதுவாக என்று வாதாடினார். கணிப்பொறியின் முன்னோடி என்று நாம் அறிந்த சார்லஸ் பாபேஜும் 1828-இலேயே இங்கே வந்து அளந்து, பூமிக்கடியில் சூடு கூடிக் குறைவதால் பாறை விரிந்து சுருங்குகிறது என்று ஒரு விளக்கம் எழுதினார்.

ரோமானியருக்கே இது தெரிந்திருந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த விவரம். சந்தையின் பளிங்குத் தரைக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் கீழே இன்னொரு பழைய அலங்காரத் தரை கிடைத்தது. தண்ணீர் ஏற ஏற, அவர்கள் தளத்தை உயர்த்திக்கொண்டார்கள் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். வெள்ளம் புகும் வீட்டில் நாமும் அதைத்தானே செய்கிறோம்.

இதன் காரணம் ஊருக்குக் கீழே இருக்கிறது. பொட்சுவோலி ஒரு எரிமலையின் பக்கத்தில் இல்லை, எரிமலைக்குள்ளேயே இருக்கிறது. காம்பி ஃப்ளெக்ரேய் என்பது கூம்பு மலையாக நிற்காமல் உள்வாங்கி இடிந்துபோன மிகப்பெரிய எரிமலைக் கிண்ணம். ஏறத்தாழ 40,000 ஆண்டுக்கு முன்னும் 15,000 ஆண்டுக்கு முன்னும் நடந்த இரண்டு பெரும் வெடிப்புகளில் உருவானது. விரிகுடாவின் பாதி அந்தக் கிண்ணத்தின் மூழ்கிய பகுதி. அடியில் எரிமலைக் குழம்பும், சூடேறிய நீரும் வாயுவும் அழுத்தம் கொடுக்கும்போது தரை உப்புகிறது, அழுத்தம் விடும்போது தணிகிறது. எது எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள் வாதம் ஓய்ந்தபாடில்லை. தூண்களிலும் சுற்றுவட்டாரப் பாறைகளிலும் கிடைத்த சிப்பிகளைக் காலக்கணிப்பு செய்து, ரோமானியர் காலத்துக்குப் பிறகு கடல் மூன்று முறை இந்த உயரத்துக்கு வந்து போயிருக்கிறது என்று சொல்கிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் ஒரு முறை, இடைக்காலத் தொடக்கத்தில் ஒரு முறை, 1538-க்குச் சற்று முன்பு ஒரு முறை.

1538 என்பது முக்கியமான ஆண்டு. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் தரை வேகமாக ஏறியிருக்கிறது. 1503-இலும் 1511-இலும் ஸ்பானிய அரசர்கள் கடல் பின்வாங்கியதால் வெளிப்பட்ட நிலத்தை ஊராருக்குத் தானமாகக் கொடுத்த ஆவணங்கள் இருக்கின்றன. இலவசமாக நிலம் கிடைத்ததே என்று மகிழ்ந்திருப்பார்கள். 1538 செப்டம்பர் 29 அன்று ஊருக்கு மேற்கே தரை பிளந்து ஒரு வாரத்துக்குள் ஒரு புது மலையே எழுந்தது. 130 மீட்டருக்கு மேல் உயரம். அதற்குப் பெயரே மோந்தே நுவோவோ, புதுமலை. இன்று மரம் அடர்ந்து, மேலே நடந்து போகிற மாதிரி இருக்கிறது.

சந்தையிலிருந்து தென்கிழக்கே பார்த்தால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறைக்குன்று தெரியும். ரியோனே தெர்ரா. கி.மு. 194-இல் குடியேறியவர்கள் முதலில் கட்டிய ஊர் அந்தக் குன்றின் மேல்தான். மேலே இருக்கும் பேராலயத்தின் கதை விசித்திரமானது. பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் கல்பூர்னியுஸ் என்ற செல்வந்தர் பழைய கோயிலை முழுக்க வெள்ளைப் பளிங்கில் புதுப்பித்தார். கட்டடக் கலைஞர் கொக்கேயுஸ் ஔக்துஸ். இவர் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர், இந்தப் பக்கத்து மலைகளைக் குடைந்து சாலைச் சுரங்கங்கள் போட்டவர். பிறகு கோயில் தேவாலயமானது. 17-ஆம் நூற்றாண்டில் பரோக் பாணியில் சுவர், பூச்சு, அலங்காரம் எல்லாம் ஏறி, உள்ளே ரோமானியக் கோயில் இருப்பதே பார்வைக்குத் தெரியாமல் போனது. 1964 மே மாதம் ஓர் இரவில் தீப்பிடித்தது. கூரை போயிற்று, பூச்சு உதிர்ந்தது, உள்ளேயிருந்து பளிங்குத் தூண்கள் வெளியே வந்தன. இப்படியே வைத்திருப்பதா, தேவாலயத்தைத் திரும்பக் கட்டுவதா என்று பல பத்தாண்டுகள் பேசி, 2014-இல் இரண்டையும் சேர்த்துத் திறந்தார்கள். ரோமானியத் தூண்களுக்கு இடையே கண்ணாடிச் சுவர், உள்ளே பலிபீடம், பரோக் ஓவியங்கள். ஆர்தெமீசியா ஜெந்திலெஸ்கி வரைந்த மூன்று பெரிய ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. பழமையையும் புதுமையையும் இப்படிக் கலப்பது எல்லோருக்கும் பிடிக்காது. எனக்குப் பிடித்திருக்கிறது, எந்தக் காலத்தையும் அழிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்த வட்டாரத்தில் 'செராபிஸ் கோயில்' சந்தை, 'நெப்டியூன் கோயில்' குளியல்கூடம், பக்கத்து ஊர் பாயாவின் 'மெர்குரி கோயில்' அதுவும் குளியல்கூடம். நிஜமான கோயில்தான் ஒரு தேவாலயத்துக்குள் ஒளிந்திருந்தது.

குன்றின் அடியில் இருப்பது இன்னும் நல்லது. 1970 மார்ச் 2 அன்று, தரை வேகமாக ஏறுகிறது என்று சொல்லி ராணுவத்தையும் காவல்துறையையும் அனுப்பி ரியோனே தெர்ராவில் குடியிருந்த ஏறத்தாழ 3,000 பேரைக் காலி செய்ய வைத்தார்கள். பெரும்பாலும் மீனவர்கள், ஏழைகள். அவர்கள் திரும்பி வரவே இல்லை. வெறுமையாகக் கிடந்த வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலை பிற்பாடு தொடங்கியபோது, வீடுகளின் கீழே ரோமானியத் தெருக்கள் அப்படியே இருப்பது தெரிந்தது. பின்னால் வந்தவர்கள் ரோமானியச் சுவர்களின் மேலேயே கட்டி, கீழ்த்தளங்களை நிலவறையாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இப்போது அந்த நிலத்தடித் தெருவில் நடக்கலாம். கல் பாவிய சாலை, இரு பக்கமும் கடைகள், எரிமலைக் கல்லில் செய்த மாவரைக்கும் ஆலைகள் இருந்த ஒரு ரொட்டிக்கூடம், கிடங்கு அறைகள் எல்லாம் உண்டு. தலைக்கு மேலே கூரையாக இருப்பது 17-ஆம் நூற்றாண்டு ஊர். தொல்லியலுக்கு இது பெரிய வரவு. ஆனால் அது 3,000 பேரின் வீடுகளைக் கொடுத்து வாங்கிய வரவு என்பதை மறந்துவிட்டு அங்கே நடக்க எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்தது பெரிய அரங்கம். இத்தாலியில் எஞ்சியிருக்கும் வட்டரங்குகளில் கொலோசியம், காபுவா இரண்டுக்கும் அடுத்து இதைத்தான் சொல்வார்கள். நீளம் 149 மீட்டர், அகலம் 116 மீட்டர். பேரரசர் வெஸ்பாசியன் காலத்தது. ஊர் தன் சொந்தப் பணத்தில் கட்டியது என்று கல்வெட்டில் பெருமையாகப் பொறித்திருக்கிறார்கள். மேலே பார்ப்பதற்கு ஏமாற்றமாக இருக்கும். இருக்கைகளின் பளிங்கையும் வெளிச்சுவர்க் கல்லையும் பிற்காலத்தவர் பெயர்த்துப் போய்விட்டார்கள். படியிறங்கிக் கீழே போனால்தான் இதன் அருமை தெரியும். ஆடுகளத்துக்கு அடியில் இருக்கும் நடைவழிகளும் அறைகளும் கூரையோடு, செங்கல் வேலை கலையாமல் முழுதாக நிற்கின்றன. கொலோசியத்தில் நிலவறை திறந்த பள்ளமாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அதன் கூரைக்குக் கீழேயே நடக்கலாம். விலங்குக் கூண்டுகள் வைத்த அறைகள் இரண்டு அடுக்காக உள்ளன. கூண்டை மேலே இழுத்து, தரையில் வரிசையாக இருக்கும் சதுரத் துவாரங்கள் வழியாக மிருகத்தைக் களத்துக்குள் விடுவார்கள். அந்தத் துவாரங்கள் வழியாகத்தான் இப்போது வெளிச்சம் இறங்குகிறது. இவ்வளவும் பிழைத்ததற்குக் காரணம், அரங்கம் கைவிடப்பட்ட பிறகு சரிந்து வந்த எரிமலை மண் நிலவறையை முழுக்க அடைத்துக்கொண்டதுதான். அதை முழுதாக வெளியே எடுத்து முடித்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு.

நேப்பிள்ஸ்காரர்களின் காவல் புனிதர் ஜென்னாரோவை இந்த அரங்கில் மிருகங்களுக்குப் போட முயன்றார்கள், மிருகங்கள் தொடவில்லை, பிறகு 305-இல் பக்கத்து சொல்ஃபத்தாரா கந்தகப் பள்ளத்தில் தலையை வெட்டினார்கள் என்பது மரபுக்கதை. மேலே சொன்ன ஜெந்திலெஸ்கி ஓவியங்களில் ஒன்று இந்தக் காட்சிதான். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது. இந்த அரங்கத்துக்கு முன்பே ஊரில் ஒரு சின்ன அரங்கமும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோம்–நேப்பிள்ஸ் ரயில்பாதை போடும்போது அதை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நீங்கள் மெட்ரோ 2-ஆம் தடத்தில் வந்தால் அதே பாதையில்தான் வருவீர்கள்; சில வளைவுகள் தண்டவாளத்தை ஒட்டி எஞ்சியிருக்கின்றன.

துறைமுகத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் ஏமாறாதீர்கள். ரோமானியத் துறைமேடை இன்றைய மேடைக்கு உள்ளே புதைந்திருக்கிறது. பழைய ஓவியங்களிலும், பயணிகளுக்கு விற்ற கண்ணாடிக் குப்பிகளில் செதுக்கிய ஊர்க் காட்சிகளிலும் அதன் உருவம் இருக்கிறது: கடலுக்குள் 370 மீட்டருக்கு நீளும் 15 பெரிய தூண்கள், இடையிடையே வளைவுகள். அலை அடியில் புகுந்து போகும், அதனால் துறையில் மணல் சேராது. அந்தத் தூண்களை நடுக்கடலில் ஊன்ற முடிந்ததே இந்த ஊர் மண்ணால்தான். இங்குள்ள எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்குள்ளேயே இறுகிக் கல்லாகும். இதை வித்ருவியுஸ் தன் கட்டடக்கலை நூலில் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார். கடல்நீர் பட்டுப் பட்டு இந்தச் சாந்தில் புதிய தாதுக்கள் வளர்வதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. நம் ஊரில் வீடு கட்ட வாங்கும் PPC சிமென்ட் மூட்டையில் 'பொஸலானா' என்று போட்டிருக்கிறதே, அது இந்த ஊரின் பெயர்தான். அங்கே எரிமலைச் சாம்பல் செய்த வேலையை இங்கே அனல்மின் நிலையச் சாம்பல் செய்கிறது.

இந்தத் துறைமேடையிலிருந்து எதிர்க்கரையில் இருக்கும் பாயா வரை பேரரசன் கலிகுலா கி.பி. 39-இல் ஒரு பாலம் போட்டான். சரக்குக் கப்பல்களை இரண்டு வரிசையாக நங்கூரமிட்டு, மேலே மண் கொட்டி, ரோமின் ஆப்பியன் நெடுஞ்சாலை மாதிரி ஆக்கி, அதன்மேல் குதிரையில் போனான். வரலாற்றாசிரியர் சுவெடோனியுஸ் சொல்லும் காரணம்: இவன் பேரரசனாவதும் பாயா விரிகுடாவைக் குதிரையில் கடப்பதும் ஒன்றுதான், இரண்டும் நடக்காது என்று ஒரு சோதிடர் முன்பு சொல்லியிருந்தாராம். கப்பல்களையெல்லாம் இதற்கே இழுத்துக்கொண்டதால் இத்தாலியில் தானியத் தட்டுப்பாடு வந்தது என்கிறார் இன்னொரு வரலாற்றாசிரியர் காசியுஸ் டியோ. எவ்வளவு உண்மையோ, புத்தேயோலி நின்றால் ரோமின் சோறு நிற்கும் என்பது அந்தக் குற்றச்சாட்டிலேயே இருக்கிறது.

பிறகு எப்படி மங்கியது? பேரரசர்கள் கிளாடியுஸும் பின்னர் டிராஜனும் ரோமுக்குப் பக்கத்தில் டைபர் நதி முகத்துவாரத்தில் செயற்கைத் துறைமுகம் கட்டினார்கள். கோதுமைக் கப்பல்கள் மெல்ல அங்கே திரும்பின. கி.பி. 174-இல் இங்கிருந்த டயர் (பைபிளில் தீரு) நகரத்து வணிகர்கள் தாய்நகருக்கு எழுதிய கடிதம் கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. முன்பு நாங்கள் பலர் இருந்தோம், பணமும் இருந்தது, இப்போது சிலரே இருக்கிறோம், சங்கக் கட்டடத்துக்கு வாடகை கட்ட முடியவில்லை, உதவுங்கள் என்று கேட்கிறார்கள். வெளிநாட்டில் சங்கம் நடத்திய யாருக்கும் இந்தக் கடிதம் புரியும்.

அரபு நாட்டு நபதேயர்களும் இங்கே இருந்தார்கள். அவர்களின் துஷாரா கடவுளுக்கான பலிபீடங்கள் கடலுக்கடியில் கிடைத்திருக்கின்றன. 2023-இல்கூட இரண்டு கண்டெடுத்தார்கள். கோயிலே மூழ்கிக் கிடக்கிறது. சந்தைப் பகுதி மறுபடி மேலே வந்துவிட்டாலும், கரையோரத்தின் பெரும்பகுதி திரும்ப வரவில்லை. ரோமானியத் தளபதி அக்ரிப்பா கி.மு. 37-இல் கட்டிய யூலியுஸ் துறைமுகம், அதன் கிடங்குகள், தெருக்கள் எல்லாம் சில மீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. 1950-களில் ஒரு விமானி வானிலிருந்து எடுத்த படங்களில்தான் தெருக்களின் கோடுகள் முதலில் தெளிவாகத் தெரிந்தன. பாயாவில் 2002 முதல் இது கடலடிப் பூங்கா. நீச்சல் தெரிந்தால் முகமூடி போட்டு மிதந்தபடி மொசைக் தரைகளைப் பார்க்கலாம், தெரியாவிட்டால் கண்ணாடி அடிப்பாகப் படகு.

எந்த வரிசையில் பார்ப்பது? நேப்பிள்ஸின் மொந்தேசாந்தோ நிலையத்திலிருந்து குமானா ரயிலில் வந்தால் துறைமுகத்துப் பக்கம் இறங்கலாம். சந்தையை வேலிக்கு வெளியிலிருந்து சுற்றிப் பார்த்தாலே போதும், டிக்கெட் வேண்டாம். அப்புறம் ரியோனே தெர்ரா, அதற்குப் பிறகு மேடேறி அரங்கம். இதற்கு அரை நாள். மதியத்துக்கு மேல் பாயா: மலைச்சரிவில் அடுக்கடுக்கான குளியல்மாளிகைகள், அதில் 21 மீட்டருக்கு மேல் குறுக்களவுள்ள காங்கிரீட் குவிமாடம். ரோமின் பாந்தியனுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. இன்னும் நேரம் இருந்தால் பாக்கொலியில் பிஷீனா மிராபிலிஸ் என்ற நிலத்தடி நீர்த்தேக்கம், 48 தூண்கள், 15 மீட்டர் உயரம். மிசேனோ கடற்படைக்குத் தண்ணீர் கொடுத்த இடம். அந்தக் கடற்படையின் தளபதியாக இருந்த பிளினிதான் 79-இல் வெசுவியஸ் வெடித்தபோது கப்பலெடுத்துப் போய் இறந்தவர். சொல்ஃபத்தாரா கந்தகப் பள்ளத்தை நம்பிப் போகாதீர்கள். 2017-இல் ஒரு குடும்பத்தில் மூன்று பேர் அங்கே இறந்ததும் மூடினார்கள். அன்தோனினுஸ் பியுஸ் கட்டிய ஓட்டப்பந்தய மைதானமும் உண்டு, ஆனால் பாதிதான் தோண்டியிருக்கிறார்கள். நேரம் குறைவென்றால் விட்டுவிடலாம்.

நில ஆட்டம் பற்றி. பொய்யில்லை. 1982–84-இல் தரை ஏறத்தாழ 1.8 மீட்டர் ஏறி, ஊரில் பல்லாயிரம் பேரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். 2005-லிருந்து மறுபடி ஏறுகிறது, இதுவரை ஒரு மீட்டருக்கு மேல். படகுத்துறையில் தண்ணீர் வற்றி மீன்பிடிப் படகுகள் சேற்றில் தட்டி நின்றன. 2025-இல் மார்ச்சிலும் ஜூனிலும் 4.6 அளவு நடுக்கங்கள் வந்தன. 2012 முதல் எச்சரிக்கை நிலை மஞ்சள். வெசுவியஸ் ஆய்வகம் தொடர்ந்து அறிக்கை வெளியிடுகிறது. அரை நாள் போய் வருபவருக்கு ஆபத்து மிகக் குறைவு, ஆனால் பெரிதாக ஒரு நடுக்கம் வந்தால் நிலத்தடிப் பாதையையும் அரங்க நிலவறையையும் சோதித்து முடிக்கும்வரை மூடிவிடுவார்கள். ஆகவே போகும் வாரத்தில் எவை திறந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். ரியோனே தெர்ராவுக்கு முன்பதிவு செய்வதே நல்லது. எல்லாம் மூடியிருந்தாலும் சந்தையின் தூண்களை வேலிக்கு வெளியிலிருந்து எப்போதும் பார்க்கலாம்.